மஞ்சள் பத்திரிகையும் நமது காசும்

(திருவொற்றியூரில் தொழிலாளர் தோழர்கள் கூட்டிய கூட்டத்தில் பேசியது)



இன்று நம்மைப் பேசச் சொல்லியிருக்கும் விஷயம் "இந்துநேசன்" என்கின்ற பத்திரிகையின் சரித்திரமாகும். அறிவிப்புச் சீட்டைப் பார்த்த தோழர்கள் சிலர், "செத்து எண்பது வருஷமான ஒரு பத்திரிகைக்கு இப்போது கருமாதி எதற்கு? எண்ணூர்ச் சாம்பலைப் பற்றிப் பேசக் கூடாதா?" என்று கேட்டார்கள். கேட்டது நியாயந்தான். ஆனால் பத்திரிகைதான் செத்ததே ஒழிய, அதற்குச் சோறு போட்டவர்கள் சாகவில்லை. அவர்கள் நாம்தான். சாம்பலைப் பற்றிப் பேச நமக்கு ஏன் நேரமில்லாமல் போகிறது என்பதும் இந்தச் சரித்திரத்திலேயே அடங்கியிருக்கிறது.

முதலாவதாக ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். பரபரப்பாக எழுதுவதெல்லாம் பாவம் என்று சொல்லும் பண்டிதர் கூட்டத்தைச் சேர்ந்தவர்கள் அல்ல நாம். நாம் பள்ளிக்கூடத்தில் கண்டது அதிகமில்லை. ராயபுரத்து டீக்கடைப் பெஞ்சியில் உட்கார்ந்து, கொலைச் செய்தியையும் கொள்ளைச் செய்தியையும் எழுத்துக் கூட்டிப் படித்துத்தான் நமக்குப் படிப்பு வந்தது. 1942-ல் மதுரையில் சி. பா. ஆதித்தனார் தொடங்கிய தந்திப் பத்திரிகை, பண்டிதர் நடையை விட்டுப் பேச்சு வழக்குக்குப் பக்கத்தில் வந்து எழுதியதால் எத்தனையோ கூலிக்காரர்கள் பத்திரிகை வாசிப்பவர்களானார்கள். அது நல்ல காரியமே. அதற்கும் முன்னால், இதே வடசென்னையில் குஜிலிக் கடைத் தெரு என்று ஒன்று இருந்தது. அங்கே மட்டக் காகிதத்தில் அச்சடித்த கொலைச் சிந்தும் விபத்துச் சிந்தும் காலணாவுக்கும் அரையணாவுக்கும் விற்றன. புலவர்கள் அவற்றைத் தொட மாட்டார்கள். தொழிலாளிகளோ ஒருவன் படிக்க ஒன்பது பேர் கேட்பார்கள். அந்தப் பாட்டுப் புத்தகங்கள் நம்மவர்களுக்கு உலக விஷயம் சொல்லிக் கொடுத்தன என்பதை மறுப்பதற்கில்லை.

ஆகவே, நாம் குறை சொல்வது கொட்டை எழுத்தையும் அல்ல, கொலைச் செய்தியையும் அல்ல. யாரைப் பற்றி எழுதுகிறான், எதை ஆதாரமாக வைத்து எழுதுகிறான், எழுதாமல் இருக்க யாரிடம் என்ன வாங்குகிறான் என்பதுதான் நாம் கேட்பது.

இந்தியாவில் முதல் பத்திரிகை எதுவென்று பார்த்தால் அதுவே ஒரு வம்புப் பத்திரிகைதான். 1780 ஜனவரியில் கல்கத்தாவில் ஹிக்கி என்ற வெள்ளைக்காரர் ஒரு வாரப் பத்திரிகை தொடங்கினார். அதில் ஊர் வம்பு உண்டு, வெள்ளைக்காரத் துரைசானிகளைப் பற்றிய நையாண்டியும் உண்டு. அதோடு, கவர்னர் ஜெனரல் வாரன் ஹேஸ்டிங்ஸையே பிடித்து உலுக்கினார். கம்பெனியார் அவரைச் சிறையில் வைத்தார்கள். 1782-ல் அச்செழுத்துக்களைப் பறிமுதல் செய்து பத்திரிகையையே ஒழித்தார்கள். அவர் வம்பெழுதியதற்காக அல்ல, அதிகாரத்தில் இருந்தவனைத் தொட்டதற்காகத்தான் இந்தக் கதி என்பதைக் கவனிக்க வேண்டும்.

"மஞ்சள் பத்திரிகை" என்ற பெயர் அமெரிக்காவிலிருந்து வந்தது. 1890-களில் நியூயார்க்கில் புலிட்சர் என்பவரும் ஹெர்ஸ்ட் என்பவரும் போட்டி போட்டுக்கொண்டு பத்திரிகை விற்றார்கள். மஞ்சள் சட்டை போட்ட ஒரு சிறுவனின் கேலிச் சித்திரத்தை இருவருமே போட்டார்கள். அதனால் அந்தப் பத்திரிகைகளுக்கே மஞ்சள் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. 1898 பிப்ரவரியில் ஹவானா துறைமுகத்தில் "மெயின்" என்ற அமெரிக்கப் போர்க்கப்பல் வெடித்து 260 பேருக்கு மேல் செத்தார்கள். காரணம் இன்னதென்று ஒருவருக்கும் தெரியாது. ஆனால் இந்தப் பத்திரிகைகள் ஸ்பெயின்காரன்தான் குண்டு வைத்தான் என்று கூச்சல் போட்டன. ஏப்ரலில் யுத்தமே வந்துவிட்டது. வெகு காலத்துக்குப் பின் ஆராய்ந்தவர்கள், கப்பலின் நிலக்கரி அறையில் தானாகவே தீப்பற்றி அது வெடிமருந்துக்குப் பரவியிருக்கலாம் என்றார்கள். நிலக்கரிக் குவியல் தானே புகையும் என்பது எண்ணூர்த் துறைமுகத்துத் தோழர்களுக்கு நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அன்று அந்தத் தோழர்களில் ஒருவரைக் கேட்டிருந்தால் போதும், ஒரு யுத்தம் யோசித்தாவது வந்திருக்கும்!

நிற்க. நம்ம ஊர் சங்கதிக்கு வருவோம்.

இரண்டாவது உலக யுத்த காலம். காகிதத்துக்குப் பஞ்சம். பத்திரிகை நடத்தச் சர்க்கார் அனுமதி வேண்டும். ஜனங்களுக்கு யுத்தக் கவலை, அரிசிக் கவலை. மறக்கடிக்க இருந்த ஒரே சரக்கு சினிமா. தியாகராஜ பாகவதர் பாடினால் ஊரே பாடும், என். எஸ். கிருஷ்ணன் சிரித்தால் ஊரே சிரிக்கும். பாகவதர் நடித்த "ஹரிதாஸ்" என்ற படம் 1944 தீபாவளிக்கு வெளிவந்து, சென்னை பிராட்வே கொட்டகையில் மூன்று தீபாவளி கண்டது. (தீபாவளியைப் பற்றி நமது அபிப்பிராயம் வேறு. அது இன்றைய விஷயமல்ல.)

இந்தச் சந்தையில்தான் சி. என். லட்சுமிகாந்தன் கடை விரித்தார். அவர் முன்னமே போலிப் பத்திரம் தயாரித்த குற்றத்துக்காகச் சிறைக்குப் போய் வந்தவர். கெட்டிக்காரர், எழுதத் தெரிந்தவர். "சினிமா தூது" என்ற பெயரில் ஒரு பத்திரிகை தொடங்கினார். அதில் இன்ன நடிகன் இன்ன நடிகையோடு இன்ன இடத்தில் இருந்தான் என்பதுதான் சரக்கு. ஜனங்கள் அள்ளிக்கொண்டு போனார்கள். பாகவதர், கிருஷ்ணன், படமெடுப்பவரான ஸ்ரீராமுலு நாயுடு ஆகிய மூவரும் கவர்னர் ஆர்தர் ஹோப்பிடம் முறையிட, பத்திரிகையின் அனுமதி ரத்தாயிற்று. லட்சுமிகாந்தன் சும்மா இருக்கவில்லை. முன்னரே நடந்து வந்த "இந்துநேசன்" என்ற பத்திரிகையைக் கைக்கொண்டு, பழைய சரக்கைப் புதிய பையில் போட்டார். இப்போது நடிகர்கள் மட்டுமல்ல, பெரிய மனிதர்கள், பணக்காரர்கள் எல்லோரும் அதற்குள் வந்தார்கள்.

இந்தத் தொழில் எப்படி நடக்கிறது என்பதைக் கொஞ்சம் விளக்கமாகப் பார்க்க வேண்டும். பத்திரிகை விற்று வரும் காசு இதில் பாதி வருமானம்கூட அல்ல. முதல் வாரம் பெயர் சொல்லாமல் ஜாடையாக எழுதுவான். தெருவைச் சொல்லுவான், காரின் நிறத்தைச் சொல்லுவான், "மற்றவை அடுத்த இதழில்" என்று முடிப்பான். ஊரிலுள்ள பத்துப் பேருக்கு அது தாங்கள்தானோ என்று வயிற்றைக் கலக்கும். அவர்களில் இரண்டு பேர் பணத்தோடு வருவார்கள். எழுதியதற்குக் கிடைப்பது நமது சில்லறை. எழுதாமல் விட்டதற்குக் கிடைப்பது பெரிய மனிதனின் கற்றை நோட்டு. லட்சுமிகாந்தனும் இப்படி வாங்கியதாகவே அக்காலத்தார் பேசினார்கள். இதில் முக்கியமானது, நமது சில்லறை இல்லாவிட்டால் அந்தக் கற்றை நோட்டு வராது என்பதுதான். பத்தாயிரம் பேர் படிக்கிறான் என்ற பயத்தினால்தான் பெரிய மனிதன் மடியை அவிழ்க்கிறான். அதாவது, மிரட்டுகிறவன் கையில் உள்ள கத்தி நாம் காசு போட்டு வாங்கிக் கொடுத்தது.

பின்பு நடந்தது பலருக்கும் தெரியும். 1944 நவம்பர் 8-ம் தேதி, வேப்பேரியில் ஒரு வக்கீல் நண்பர் வீட்டிலிருந்து கைரிக்‌ஷாவில் திரும்பிக்கொண்டிருந்த லட்சுமிகாந்தனைச் சிலர் கத்தியால் குத்தினார்கள். ஜெனரல் ஆஸ்பத்திரியில் மறுநாள் இறந்தார். அவர் எழுதியது அயோக்கியத்தனம். அவரைக் குத்தியது அதைவிட அயோக்கியத்தனம். எழுத்துக்குக் கத்தியால் பதில் சொல்லலாம் என்று ஒப்புக்கொண்டால், நாளைக்குப் புராணத்தைக் கேள்வி கேட்ட நம்மையும் ஒருவன் குத்துவான், அவனுக்கும் நியாயம் சொல்ல ஒரு கூட்டம் இருக்கும்.

டிசம்பரில் பாகவதரையும் கிருஷ்ணனையும் சதி செய்ததாகக் கைது செய்தார்கள். ஸ்ரீராமுலு நாயுடுவையும் பிடித்தார்கள். இங்கேதான் நமது ஜனங்களின் யோக்கியதை வெளிப்பட்டது. நேற்று வரை பாகவதர் படத்தை வீட்டில் மாட்டி வைத்திருந்தவனே, இன்று "எனக்கு அப்போதே தெரியும்" என்றான். எப்படித் தெரியும்? இந்துநேசனில் படித்தானாம்! செத்தவன் எழுதியதே செத்தவனுக்குச் சாட்சியாக ஊரெல்லாம் திரிந்தது. சென்னை ஹைகோர்ட்டில் ஜூரிகளை வைத்து விசாரணை நடந்தது. சர்க்கார் தரப்புக்கு மாறிய ஒருவனின் வாக்குமூலமும் சாட்சியத்தில் முக்கியமாக இருந்தது. 1945 மே மாதம், ஜூரிகளில் பெரும்பான்மையோர் குற்றவாளிகள் என்று சொல்ல, பாகவதருக்கும் கிருஷ்ணனுக்கும் ஆயுள் தீவாந்தர தண்டனை கிடைத்தது. நாயுடு விடுதலையானார். அப்பீலும் தள்ளுபடியாயிற்று. கடைசியாக லண்டன் பிரிவி கவுன்சில் வரைக்கும் போய், அவர்கள் அப்பீலை மறுபடி விசாரிக்கும்படி சென்னைக்கே திருப்பினார்கள். 1947 ஏப்ரலில் இருவரும் விடுதலை செய்யப்பட்டார்கள்.

ஜூரிகள் வானத்திலிருந்து குதித்து வந்தவர்கள் அல்ல. அவர்களும் இதே பட்டணத்தில் பத்திரிகை படித்தவர்கள்தான்; டீக்கடையிலும் டிராம் வண்டியிலும் அடிபட்ட பேச்சைக் கேட்டவர்கள்தான். அவர்கள் நேர்மையற்றவர்கள் என்று நாம் சொல்ல வரவில்லை. வருஷக் கணக்காக ஒருவனைப் பற்றி வம்பு கேட்ட காதுக்கு, அவனுக்கு எதிரான சாட்சி கொஞ்சம் இனிமையாகத்தானே கேட்கும்? சாட்சியை நிறுத்துப் பார்க்கும் தராசில் முன்கூட்டியே ஒரு தட்டில் கல் விழுந்துவிடுகிறது.

விடுதலையான பிறகு என்ன? கிருஷ்ணன் திரும்பவும் எழுந்தார். 1949-ல் "நல்லதம்பி" படத்தில் கிந்தனார் காலட்சேபம் செய்து, தீண்டாமையைச் சிரிப்பாலேயே சாட்டையடி அடித்தார். ஆனால் எட்டு வருஷத்தில், 1957-ல், போய்ச் சேர்ந்தார். பாகவதர் எழவே இல்லை. ஒப்பந்தமான படங்கள் கை நழுவின. பிறகு நடித்த படங்கள் ஓடவில்லை. 1959 நவம்பர் 1-ம் தேதி இறந்தார். இரண்டு வருஷத்துக்கு மேல் சிறையில் போனதை எந்தக் கோர்ட்டாலும் திருப்பிக் கொடுக்க முடியவில்லை. இந்துநேசனை வாங்கிப் படித்தவர்களில் ஒருவராவது "நமக்கும் இதில் பங்குண்டு" என்று சொன்னதாக நாம் எங்கும் படித்ததில்லை.

இவ்வளவும் ஒருபுறமிருக்க, நமக்குத் தோன்றும் அடிப்படைக் கேள்வி ஒன்று உண்டு. இந்த வம்புக்கு இவ்வளவு விலை எப்படி வந்தது? மளிகைக் கடைக்காரன் எடையில் திருடினான் என்று எழுதினால் யாரும் பணம் கொடுத்து வாயடைப்பதில்லை. ஆலை முதலாளி கூலியில் பிடித்துக்கொண்டான் என்று எழுதினால் அவன் சிரித்துவிட்டுப் போகிறான். ஆனால் ஒரு பெண் ஒருவனோடு பேசினாள் என்று எழுதினால், ஒரு குடும்பமே கிணற்றைத் தேடுகிறது. ஏன்? மானம் என்பதை மனிதனின் நாணயத்தில் வைக்காமல், பெண்ணின் உடம்பில் கொண்டுபோய் வைத்திருக்கிறோம். கற்பு என்ற விலங்கை அவளுக்கு மட்டும் பூட்டி, சாவியை ஊரார் கையில் கொடுத்திருக்கிறோம். அந்தச் சாவியைத்தான் லட்சுமிகாந்தன் வாடகைக்கு விட்டார். அகலிகை கல்லானாள் என்ற கதையைப் பக்தியோடு கேட்கிற காது, அடுத்த வீட்டுப் பெண்ணின் கதையை ஆசையோடு கேட்பதில் ஆச்சரியமென்ன? இந்திரன் இன்னும் தேவராஜன்தான் என்பதையும் மறக்கக் கூடாது.

இப்போது இந்த வட்டாரத்துக்கு வருகிறோம். சென்ற வருஷம் நமக்குத் தெரிந்த ஒரு தொழிலாளிப் பெண், தையல் வேலைக்குப் போகிறவர், மேஸ்திரி ஒருவர் மேல் புகார் கொடுத்தார். நான்காவது நாள் அவருடைய படம் ஒன்று, வேறு யாரோ ஒருவர் படத்தோடு ஒட்டப்பட்டு, போனில் வந்தது. கீழே நாலு வரி. யார் எழுதியது என்று கையெழுத்தில்லை. சாயங்காலத்துக்குள் காசிமேட்டிலிருந்து எர்ணாவூர் வரை போய்விட்டது. அந்த அம்மாள் இரண்டு மாதம் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. வேலை போயிற்று. மேஸ்திரி மேல் கொடுத்த புகாரை அதற்குப் பிறகு கேட்பாரில்லை. இன்று இந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கும் தோழர்களில் சிலர் போனிலும் அது வந்திருக்கும். சிலர் தள்ளியும் விட்டிருப்பார்கள். தலையைக் குனிய வேண்டாம். அந்தப் பெண் நிமிர்ந்து நடக்க என்ன செய்வது என்று யோசித்தால் போதும்.

லட்சுமிகாந்தனுக்காவது ஒரு அச்சுக்கூடம், காகிதம், சர்க்கார் அனுமதி எல்லாம் வேண்டியிருந்தது. பத்திரிகையில் அவர் பெயராவது இருந்தது. இன்று ஒவ்வொருவன் சட்டைப் பையிலும் ஒரு இந்துநேசன் இருக்கிறது. பெயரில்லை, விலாசமில்லை, விலையுமில்லை. காசு கொடுக்கவில்லையே என்று நினைக்கிறோம். நாம் எத்தனை நிமிஷம் பார்த்தோம் என்பதை எண்ணி, அதை விளம்பரக்காரனுக்கு விற்றுக் காசாக்குகிறவன் இருக்கிறான். இங்கிலாந்தில் "நியூஸ் ஆஃப் தி வேர்ல்டு" என்று 168 வருஷம் ஓடிய ஒரு பத்திரிகை இருந்தது. கொலையுண்ட ஒரு சிறுமியின் போனுக்கு வந்த செய்திகளையே திருட்டுத்தனமாகக் கேட்டது வெளிவந்ததும், 2011 ஜூலையில் இழுத்து மூடினார்கள். படித்தவர்கள் சீறினார்கள், விளம்பரக்காரர்கள் விலகினார்கள், முதலாளியே மூடினான். இதைக் கவனிக்க வேண்டும். ஏனெனில் நமது தோழர்களில் சிலர், "இப்படிப்பட்டதையெல்லாம் சர்க்கார் தடை செய்ய வேண்டும்" என்கிறார்கள்.

அந்த யோசனை நமக்குச் சம்மதமில்லை. 1940-களில் நடிகர்கள் கவர்னரிடம் போய் ஒரு பத்திரிகையை மூடினார்கள்; அது வேறு பெயரில் வந்தது. 1933-ல் சர்க்கார் நெருக்கடியால் "குடிஅரசு" நின்றது. அது "புரட்சி" என்ற பெயரில் வந்தது. இரண்டும் ஒன்றா என்று கோபிக்க வேண்டாம். ஒன்றல்ல என்பது நமக்குத் தெரியும். சர்க்காருக்குத் தெரியாது, தெரிந்தாலும் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாது. பூட்டும் சாவியை அதன் கையில் கொடுத்தால் முதலில் வம்புக்காரன் கடையைப் பூட்டும், அடுத்த வாரம் கூலி கேட்பவன் கடையைப் பூட்டும். பாதிக்கப்பட்டவர் தனியே வழக்குப் போடச் சட்டம் இருக்கிறது. அவதூறுக்குப் பழைய 499, 500 பிரிவுகளுக்குப் பதிலாக, 2024 ஜூலை முதல் புதிய சட்டத்தில் 356-வது பிரிவு இருக்கிறது. ஒருவரின் அந்தரங்கப் படத்தைச் சம்மதமின்றி எடுத்துப் பரப்பினால் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66 இ பிரிவில் மூன்று வருஷம் வரை தண்டனை உண்டு. அந்த அம்மாளோடு போலீஸ் ஸ்டேஷன் வாசல் வரை துணைக்குப் போக எத்தனை பேர் தயார் என்பதுதான் விஷயம். படத்தைத் தள்ளிவிட்டவர்கள் நூற்றுக்கணக்கில். துணைக்குப் போனவர்கள் மூன்று பேர், மூவரும் பெண்கள்.

ஆரம்பத்தில் கேட்ட தோழருக்குப் பதில் சொல்ல வேண்டும். 2017 ஜனவரி 28-ந் தேதி எண்ணூருக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. நமது பிள்ளைகள் வாளியால் அள்ளினார்கள். 2023 டிசம்பரில் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து எண்ணூர்க் கழிமுகத்தில் வலையையும் படகையும் கறுப்பாக்கிற்று. அதே மாதக் கடைசியில் நடு இரவில் அம்மோனியா வாயு கசிந்து, பெரியகுப்பம் ஜனங்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். இவற்றின் விவரத்தை நம்மில் எத்தனை பேர் தேதியோடு சொல்ல முடியும்? எந்த நடிகை எந்த நடிகனை எந்த மாதம் விட்டுப் பிரிந்தாள் என்று கேட்டால் பத்துக் கை தூக்கும். வம்புக்காரனுக்கு இதைவிட முதலாளிக்குச் செய்யும் பெரிய உபகாரம் வேறென்ன இருக்கிறது?

புராணத்தைப் படிக்கும்போது நாம் என்ன கேட்கிறோம்? கண்டவன் யார், சொன்னவன் யார், சொன்னதால் அவனுக்குப் பிழைப்பு என்ன என்று கேட்கிறோம். ராவணனுக்குப் பத்துத் தலை என்றால் நம்ப மாட்டேன் என்கிற சுயமரியாதைக்காரர், பக்கத்துத் தெருப் பெண்ணைப் பற்றி வந்த நாலு வரியை மட்டும் கேள்வியில்லாமல் நம்பினால் அவர் கறுப்புச் சட்டையைத் துவைத்து மடித்து வைத்துவிடலாம்.

அந்த அம்மாள் இப்போது வேறு இடத்தில் வேலைக்குப் போகிறார். பழைய மேஸ்திரி மேல் கொடுத்த புகாரை மறுபடி எடுக்க, வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு இதே இடத்தில் சில தோழர்கள் கூடுகிறார்கள். எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள், அன்று போனில் வந்ததை இன்னும் அழிக்காமல் தேதியோடு வைத்திருப்பவர்கள் வந்தால் உதவியாக இருக்கும். அது யாரிடமிருந்து முதலில் புறப்பட்டது என்று தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது.

இனி, சந்தேகம் கேட்க விரும்புகிற தோழர்கள் வழக்கம் போல் சீட்டில் எழுதித் தலைவரிடம் கொடுக்கலாம். கேட்பவர் பெயர் போட வேண்டுமென்பதில்லை. ஆனால் எந்தப் பெண்ணின் பெயராவது போட்டு வம்பு எழுதி வந்தால், அந்தச் சீட்டை மாத்திரம் தலைவர் படிக்க மாட்டார்.